லினக்ஸ் கெர்னலில் பழைய சிஸ்டம் கோல் ஒன்றை ஓய்வுக்கு அனுப்புவது எப்படி: மலையகத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை பக்கமிருந்து லினக்ஸ் கெர்னலில் ஏதாவது செய்துபார்க்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. ஒரு புரோகிராம் அந்தக் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிதான் சிஸ்டம் கோல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் எண்ணும் உண்டு, அவை கெர்னலில் ஒரு அட்டவணையில் இருக்கும். சி மொழி ஓரளவு தெரியும், டெர்மினலில் வேலை செய்யத் தெரியும், கிட் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இந்த வேலையை நான் கற்றுக்கொள்ளப் படாத பாடு பட்டேன். புதிய சிஸ்டம் கோல் ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று கெர்னல் ஆவணங்களில் தனிப் பக்கமே இருக்கிறது. பழையதை எடுப்பதற்கான விதிகளோ அங்கொன்றும் இங்கொன்றுமாக, பழைய மெயில்களிலும் கமிட் செய்திகளிலும் சிதறிக் கிடக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி காலாவதியானவை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிரலை அழிப்பது கடைசி நாள் வேலை. அந்தச் சிஸ்டம் கோலை உலகத்தில் யாரும் நம்பியிருக்கவில்லை என்று காட்டுவதற்குத்தான் மாதங்களும் வருடங்களும் போகின்றன. லினக்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் பயனர் புரோகிராமை கெர்னல் உடைக்கக்கூடாது. லினஸ் டோர்வால்ட்ஸ் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. உங்கள் பேட்ச் (நீங்கள் அனுப்பும் நிரல் மாற்றம்) எவ்வளவு அழகாக இருந்தாலும், நிஜமான புரோகிராம் ஒன்று உடைந்ததாக ஒருவர் சொன்னால் அது திரும்பப் பெறப்படும்.

1. எந்த வேலையை எடுக்கப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

இதில் மூன்று நிலைகள் இருக்கின்றன. ஏற்கெனவே செத்துப்போன சிஸ்டம் கோலின் மிச்சம் மீதியைத் துடைப்பது முதலாவது. இன்னும் இயங்கும் ஒன்றைக் ‘காலாவதி’ என்று அறிவித்து எச்சரிக்கை வைப்பது இரண்டாவது. இயங்கும் ஒன்றை எடுத்தே விடுவது மூன்றாவது.

புதியவர்கள் முதலாவதில் தொடங்குங்கள். அதைச் சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கெர்னலின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் இருந்த ‘சிஸ்கண்ட்ரோல்’ சிஸ்டம் கோலைப் பாருங்கள். 2008 ஜனவரியில் வந்த கெர்னல் பதிப்பு 2.6.24 முதலே அதைப் பயன்படுத்தினால் கெர்னல் லொக்கில் (பதிவேட்டில்) எச்சரிக்கை விழுந்தது. அதன் உள்வேலை எடுக்கப்பட்டது 2020 ஜனவரியில் வந்த 5.5இல். இடையில் 12 வருடங்கள். அப்போதும் வெறும் கூடு மிஞ்சியிருந்தது. எல்லா புரொசசர் வகைகளிலிருந்தும் அதைத் துடைத்தது 5.9இல். அதேபோல புரோகிராம்களின் வேகத்தை அளக்கும் ஓபுரோஃபைல் கருவியின் கெர்னல் பகுதி 5.12இல் போனபோது, அதற்காக மட்டுமே இருந்த ‘லுக்கப் டிகுக்கி’ என்ற சிஸ்டம் கோலுக்கும் வேலையில்லாமல் போனது. ஆனால் அந்தப் பெயர் அட்டவணைகளில் பல வெளியீடுகள் வரை கிடந்தது. இப்படிக் கிடப்பவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் புதியவருக்கு ஏற்ற வேலை. யாருடைய புரோகிராமும் உடையாது, கெர்னலின் எல்லா மூலைகளையும் பார்த்தும் விடுவீர்கள்.

மூன்றாவது நிலையை முதல் பேட்சாக எடுக்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து.

2. ஆவணங்கள், பெயர், செலவு

நம்மூரில் எந்த விண்ணப்பம் என்றாலும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம் என்று ஓட வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அட்டையில் இன்னொரு எழுத்து என்று மாட்டிக்கொண்டவர்கள் தோட்டப் பக்கம் எத்தனையோ பேர். இங்கே அது எதுவும் கேட்கமாட்டார்கள். கட்டணமும் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேட்பது ஒரே ஒரு வரி. ஒவ்வொரு பேட்சின் அடியிலும் ‘சைன்ட் ஆஃப் பை’ என்று போட்டு, உங்கள் பெயரும் மெயில் முகவரியும் எழுத வேண்டும். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி அது. கிட்டில் கமிட் செய்யும்போது சின்ன ‘எஸ்’ தெரிவைக் கொடுத்தால் அந்த வரி தானாக விழும்.

இதில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். பெயர் உங்களை மற்றவர்கள் அறியும் பெயராக இருக்க வேண்டும். அநாமதேயமாக அனுப்ப முடியாது. நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். அதை அப்படியே எழுதலாம், விரித்தும் எழுதலாம். எதைத் தேர்ந்தாலும் எல்லாப் பேட்சிலும் அதே எழுத்துக்கூட்டலை வையுங்கள். மெயிலை அனுப்பும் பெயரும் இந்த வரியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். வேறாக இருந்தால் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் குறை சொல்லும்.

அடுத்தது, நீங்கள் எங்காவது வேலை பார்த்தால். வேலை நேரத்தில் எழுதியதோ கொம்பனியின் லெப்டொப்பில் எழுதியதோ யாருக்குச் சொந்தம் என்பது உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும். அதை வாசித்துவிட்டு, தேவை என்றால் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். கம்பஸ் புரொஜெக்டாகச் செய்தால் விரிவுரையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உண்மையான செலவு டேட்டாவும் கரண்டும்தான்.

3. மூலத்தை இறக்குங்கள்: டேட்டாவை வீணாக்காமல்

முழு வரலாற்றோடு கெர்னல் களஞ்சியம் பல ஜிபி வரும். சிக்னல் வந்து வந்து போகும் இடத்திலிருந்து கிட் குளோன் போட்டால், நடுவில் அறுந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அறுந்த இடத்திலிருந்து அது தொடராது.

ஆழமில்லாத குளோன் எடுக்கலாமே என்று தோன்றும். டேட்டா மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் இந்த வேலைக்கு வரலாறு வேண்டும். ஒரு சிஸ்டம் கோல் ஏன் வந்தது, யார் எப்போது அதைத் தொட்டார்கள், எந்தக் கமிட்டில் அதன் உள்வேலை போனது என்பதுதான் உங்கள் ஆதாரம். மேலோட்டமான குளோனில் அது கிடைக்காது.

சரியான வழி கெர்னல் டொட் ஓஆர்ஜி தளத்தில் இருக்கும் ‘பண்டில்’ கோப்பு, அதாவது முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாகக் கட்டியது. அது சாதாரணக் கோப்பு என்பதால் ‘டபிள்யூகெட்’டைத் தொடரும் தெரிவோடு ஓடவிட்டு, விட்ட இடத்திலிருந்து பல இரவுகளில் இறக்கலாம். இரவு டேட்டா பெக்கேஜ் இருந்தால் அதற்குள் முடித்துவிடலாம். பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸவிலோ படிக்கும் நண்பர் இருந்தால் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்; ஒரு பிரதி நாலு பேருக்கு உதவும். அப்புறம் பண்டிலிலிருந்து குளோன் செய்து, மூல முகவரியை மாற்றி, மிச்சத்தை மட்டும் இழுத்தால் போதும்.

டிஸ்கில் 20 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் கம்பைல் செய்ய வேண்டும்.

4. யாராவது பயன்படுத்துகிறார்களா என்று தேடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நீங்கள் அனுப்பும் மெயிலைப் படிப்பவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: ‘யாரும் பயன்படுத்தவில்லை என்று எப்படித் தெரியும்?’

கெர்னலுக்குள் தேடுவது சுலபம், கிட் கிரெப் போதும். வெளியே தேடுவதுதான் பெரிய வேலை. டெபியனின் கோட் சேர்ச் தளத்தில் டெபியனில் உள்ள எல்லாப் பொதிகளின் மூலநிரலையும் ஒரே இடத்தில் தேடலாம். பெயரை மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் வரும். ‘சிஸ்எஃப்எஸ்’ என்ற சிஸ்டம் கோலைத் தேடினால், அதே பெயரில் இருக்கும் கோப்பு முறைமையைப் பற்றிய வரிகளே திரையை நிரப்பும். சிஸ்டம் கோலின் மாக்ரோப் பெயரைத் தேடுங்கள், ‘சிஸ்கோல்’ என்ற ஃபங்ஷன் வழியாக நேரடியாகக் கூப்பிடும் இடங்களையும் தேடுங்கள்.

கிடைத்தவற்றை வகைபிரிக்க வேண்டும். எஸ்ட்ரேஸ், வால்கிரைண்ட், கியூஎமு, லிப்செக்கொம்ப் போன்ற கருவிகளிலும் லைப்ரரிகளிலும் எல்லா சிஸ்டம் கோல்களின் பெயர்ப் பட்டியலும் இருக்கும். அவை பெயரை அறிந்திருக்கின்றன என்பதற்காக அதைக் கூப்பிடுகின்றன என்று அர்த்தமில்லை. அடுத்து, கூப்பிட்டுப் பார்த்து, ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில் வந்தால் வேறு வழியில் போகும் புரோகிராம்கள். இவை உடையாது, என்றாலும் மெயிலில் குறிப்பிடுங்கள். கடைசி வகை, வேறு வழியே இல்லாமல் கூப்பிடுபவை. அப்படி ஒன்றே ஒன்று இருந்தாலும் நீக்கும் பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் அந்தப் புரோகிராமைத் திருத்தி அவர்களுக்குப் பேட்ச் அனுப்புங்கள்.

பெரும்பாலான புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியையும் பாருங்கள். சிஸ்கண்ட்ரோலுக்கான ஃபங்ஷனை ஜிலிப்சி 2.30இல் காலாவதி என்று அறிவித்தார்கள், 2.32இல் எடுத்தார்கள். ஆனால் அதற்கு முன் கம்பைல் செய்யப்பட்ட பைனரிகள் இன்னும் எங்காவது ஓடலாம். லைப்ரரியைத் தனக்குள்ளேயே சேர்த்து ஸ்டட்டிக்காக இணைத்த பைனரிக்கு ஜிலிப்சி மாறியதே தெரியாது. அதனால் ‘லைப்ரரியில் இல்லை, ஆகவே யாரும் பயன்படுத்தவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் எந்தப் புரோகிராம் எதைக் கூப்பிடுகிறது என்று பார்க்க எஸ்ட்ரேஸ், ஓடிட், பிபிஎஃப் டிரேஸ் என்ற மூன்று கருவிகளும் உதவும். நீண்ட நாட்களுக்கு ஓடிட் விதிதான் வசதி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 64 பிட் கெர்னலில் 32 பிட் புரோகிராம்களும் ஓடும், அவற்றுக்குத் தனி எண் அட்டவணை உண்டு. சிஸ்கண்ட்ரோல் 64 பிட் எக்ஸ்86இல் 156, 32 பிட்டில் 149. ஓடிட் விதியை இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பழைய சிஸ்டம் கோலைப் பழைய 32 பிட் பைனரிதான் பெரும்பாலும் கூப்பிடும் என்பதால், இதை விட்டால் தேடியதே வீண்.

உங்கள் லெப்டொப்பில் மூன்று மாதம் எதுவும் விழவில்லை என்பது ஆதாரத்தில் ஒரு சிறு துண்டு மட்டுமே. வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் ஓடும் கெர்னல் பல வருடம் பழையது. ரெட் ஹெட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் ஒரு வெளியீட்டை 10 வருடம் தாங்குகிறது, உபுண்டு எல்டிஎஸ் வழக்கமான கணக்கில் 5 வருடம். இன்று நீங்கள் வைக்கும் மாற்றத்தை அவர்கள் சந்திக்கப்போவது எப்போதோ.

5. படிப்படியாக ஓய்வுக்கு அனுப்புங்கள்

இயங்கும் சிஸ்டம் கோல் என்றால் ஒரே பேட்சில் வெட்ட வேண்டாம். முதலில் எச்சரிக்கை. யாராவது கூப்பிட்டால், அந்தப் புரோகிராமின் பெயரோடு லொக்கில் ஒரு வரி. ஒருமுறை மட்டும் அச்சிடும் வகையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் அச்சிட விட்டால், சாதாரணப் பயனர் ஒருவரே லொக்கை நிரப்பி டிஸ்கை முடக்கிவிடலாம். இந்தக் காரணத்துக்காகவே பேட்ச் திரும்பி வரும்.

அடுத்தது, கம்பைல் செய்யும்போது அணைத்துவிடக்கூடிய தெரிவாக மாற்றுவது. ‘யூஸ்லிப்’ 3.15 முதல் இப்படித் தெரிவாக இருந்தது. முதலில் இயல்பாக ‘ஆம்’ என்று விடுங்கள், பிறகு ‘இல்லை’ ஆக்குங்கள். டிஸ்ட்ரிபியூஷன்கள் அணைத்து வெளியிட்டும் யாரும் முறையிடவில்லை என்றால் அதுவே வலுவான ஆதாரம்.

பயனர் இருக்கிறார், ஆனால் உள்நிரல் பெரும் சுமை என்ற நிலையும் வரும். ‘ரீமேப் ஃபைல் பேஜஸ்’ அப்படித்தான். 3.16இல் காலாவதி என்று குறித்தார்கள். 4.0இல் சிக்கலான உள்நிரலை எடுத்துவிட்டு, அதே பலனைத் தரும், ஆனால் மெதுவான ஒன்றை வைத்தார்கள். புரோகிராம் உடையவில்லை, கெர்னலும் சுத்தமானது. எடுக்க முடியாத இடத்தில் இந்த வழியை யோசியுங்கள்.

பழைய பாடங்களில் ‘நீக்கப்படும் அம்சங்களின் கால அட்டவணை’ என்ற கோப்பில் ஒரு பதிவு சேர்க்கச் சொல்வார்கள். அந்தக் கோப்பு 2012லேயே எடுக்கப்பட்டுவிட்டது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

6. நீக்கும்போது தொட வேண்டிய இடங்கள்

முதல் விதி: எண் யாருக்கும் மறுபடி போகக்கூடாது. லயத்தில் ஆள் இல்லாத காம்பராவின் எண்ணை வேறொரு வீட்டுக்குக் கொடுத்தால், பழைய ஆளுக்கு வரும் கடிதம் புது ஆளின் கைக்குப் போகும் அல்லவா? பழைய பைனரி 156ஐக் கூப்பிடும்போது அங்கே புதிதாக வேறு ஏதாவது இருந்தால் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அட்டவணையில் வரி அப்படியே இருக்கும், பெயரும் இருக்கும். அது சுட்டும் ஃபங்ஷன் மட்டும் ‘நை சிஸ்கோல்’ ஆக மாறும். அது செய்வதெல்லாம் ‘ஈநோசிஸ்’ என்ற பிழையைத் திருப்புவதுதான், எக்ஸ்86இல் எண் 38.

வேறு எந்தப் பிழையையும் திருப்பாதீர்கள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், மாற்று வழி வைத்திருக்கும் புரோகிராம்கூட அந்த வழிக்குப் போகாமல் நின்றுவிடும். கொண்டெய்னர்களில் எந்தச் சிஸ்டம் கோலை விடுவது என்று தீர்மானிக்கும் செக்கொம்ப் வடிகட்டி புதிய சிஸ்டம் கோல்களுக்கு இப்படிப் பதில் சொன்னதால் ஜிலிப்சி குழம்பியது நடந்த கதை.

அட்டவணை ஒவ்வொரு புரொசசர் வகைக்கும் தனித்தனியாக இருக்கிறது. எக்ஸ்86இல் 32க்கும் 64க்கும் இரண்டு. ஆர்ம், பவர்பிசி, எஸ்390, மிப்ஸ், ஸ்பார்க் என்று நீளும். பொது அட்டவணையும் உண்டு. அதில் 42 என்ற எண் 3.1இல் எடுக்கப்பட்ட ‘என்எஃப்எஸ் சேர்வ் கண்ட்ரோல்’லுக்கு இன்றும் ஒதுக்கப்பட்டபடி இருக்கிறது. ஃபங்ஷனின் அறிவிப்பு, 32 பிட் இணக்க நிரல், கம்பைல் தெரிவு, டிஃபோல்ட் கொன்ஃபிக் கோப்புகளில் அந்தத் தெரிவின் பெயர், ஆவணங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். கெர்னல் மூலத்தோடு வரும், வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவிக்குள் அட்டவணையின் பிரதி ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், பெர்ஃப் பராமரிப்பாளர்களே ஒத்திசைத்துக்கொள்வார்கள்.

7. கம்பைல், சோதனை

8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லெப்டொப் போதும். முழுக் கெர்னலையும் கட்ட வேண்டாம். உங்கள் இயந்திரத்தில் உள்ள மொடியூல்களை மட்டும் எடுக்கும் ‘லோக்கல்மொட்கொன்ஃபிக்’ வைத்துக் கட்டினால் நேரம் பெருமளவு குறையும். கட்டியதைக் கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுங்கள். சின்ன சி புரோகிராம் ஒன்றில் அந்த எண்ணை நேரடியாகக் கூப்பிட்டு 38 வருகிறதா என்று பாருங்கள். அதையே 32 பிட்டாகக் கம்பைல் செய்தும் பாருங்கள். லினக்ஸ் டெஸ்ட் புரொஜெக்டில் அந்தச் சிஸ்டம் கோலுக்கான சோதனை இருந்தால், அது ‘தோல்வி’ என்று சொல்லாமல் ‘இங்கே பொருந்தாது’ என்று சொல்ல வேண்டும்.

மற்றப் புரொசசர்களுக்கு எல்லா குரொஸ் கம்பைலரையும் இறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டாம். ஆர்ம்64க்கு ஒன்று போதும். நீங்கள் அனுப்பிய பிறகு சோதனை ரோபோ பல புரொசசர்களுக்குக் கட்டிப் பார்த்து, பிழை இருந்தால் உங்களுக்கே மெயில் போடும். அந்த மெயில் வந்தால் பதறாதீர்கள். திருத்தி அடுத்த பதிப்பை அனுப்புங்கள்.

8. அனுப்புதல்

பேட்ச் வெறும் எழுத்து மெயிலாகப் போக வேண்டும். இணைப்பாக வைக்கக்கூடாது, எச்டிஎம்எல் மெயிலைக் கெர்னல் மெயிலிங் லிஸ்ட் (பேட்ச்களைப் பேசும் பொது மெயில் குழு) ஏற்காது. ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்து ஒட்டினால் டாப்கள் சிதைந்து பேட்ச் பயனற்றதாகிவிடும். கிட் சென்ட் இமெயிலைப் பயன்படுத்துங்கள். ஜிமெயில் என்றால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் கடவுச்சொல் ஒன்று எடுக்க வேண்டும். சில இணைப்புகளில் மெயில் போர்ட் அடைபட்டிருக்கும். அப்போது ‘பி4’ என்ற கருவி வெப் வழியாகவே அனுப்பித் தரும். அந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் நான் நிறைய நேரம் இழுபட்டேன். நீங்கள் நேரே அதற்குப் போய்விடலாம்.

முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்புங்கள். வந்த மெயிலைக் கிட் ஏஎம்மால் இன்னொரு கிளையில் போட்டுப் பாருங்கள். அது ஏறினால்தான் வெளியே அனுப்ப வேண்டும். செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்புவது என்று சொல்லும். அது சொல்லாவிட்டாலும் லினக்ஸ் ஏபிஐ லிஸ்டைச் சேர்த்துவிடுங்கள். பயனருக்குத் தெரியும் மாற்றம் எதுவானாலும் அங்கே போக வேண்டும்.

கமிட் செய்தியில் மூன்று விஷயம் இருக்கட்டும். ஏன் எடுக்க வேண்டும், யாரும் பயன்படுத்தவில்லை என்பதற்கு நீங்கள் தேடியது என்ன, இனிக் கூப்பிட்டால் என்ன கிடைக்கும். முன்பு உள்வேலை எடுத்த கமிட்டை, அதன் ஹேஷின் முதல் 12 எழுத்தோடும் தலைப்போடும் குறிப்பிடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்காதீர்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். அங்கே எழுதுபவர்களில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. பதில் கடுமையாக வந்தால், தொழில்நுட்பக் கேள்வியை மட்டும் பிரித்தெடுத்து அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மேற்கோளுக்குக் கீழே பதில் எழுதுவது அங்கே வழக்கம்.

9. எவ்வளவு நாள் எடுக்கும்

ஒரு கெர்னல் வெளியீட்டுக்கு 9 அல்லது 10 வாரம். அதில் முதல் 2 வாரம் மேர்ஜ் விண்டோ, அதாவது புதிய மாற்றங்களை உள்ளே எடுக்கும் காலம். அந்த இரண்டு வாரத்தில் பராமரிப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது புதுப் பேட்ச் அனுப்பாதீர்கள். ஆர்சி1 என்ற முதல் சோதனை வெளியீடு வந்த பிறகு அனுப்புவதே நல்லது. ஆர்சி பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரையின் ஞாயிறு பின்னேரம் வெளியாகும். நமக்கு அது திங்கள் அதிகாலை.

பதில் வர 2, 3 வாரம் ஆகலாம். ஒரு வாரத்துக்கு முன் நினைவூட்ட வேண்டாம். கருத்து வந்தால் திருத்தி, என்ன மாறியது என்று கமிட் செய்திக்கு அடுத்து வரும் மூன்று கோட்டுக்குக் கீழே எழுதி, ‘வி2’ என்று அனுப்புங்கள். ஒரே நாளில் மூன்று பதிப்பு அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஏற்றுக்கொண்டால் பேட்ச் முதலில், அடுத்த வெளியீட்டுக்கானவை சேரும் லினக்ஸ் நெக்ஸ்ட் மரத்தில் தெரியும், அடுத்த மேர்ஜ் விண்டோவில் உள்ளே போகும். மிச்சம் துடைக்கும் வேலைக்கு ஒன்று அல்லது இரண்டு சுற்று, அதாவது இரண்டிலிருந்து ஐந்து மாதம் என்று கணக்கு வையுங்கள். வேலைக்கான நேர்முகத்துக்கோ இறுதி வருடப் புரொஜெக்டுக்கோ இதைக் காட்ட நினைத்தால் அந்த இடைவெளியை முன்கூட்டியே ஒதுக்குங்கள். இயங்கும் சிஸ்டம் கோலை எடுப்பதற்குக் கணக்கு வருடங்களில்தான்.

10. உள்ளே போன பிறகு

கையேட்டுப் பக்கங்களை எழுதும் மேன் பேஜஸ் திட்டம் தனிக் களஞ்சியம். ‘இந்த வெளியீட்டிலிருந்து இல்லை’ என்ற வரியை அங்கேயும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். கெர்னல் பேட்சோடு அது தானாக மாறாது. எஸ்ட்ரேஸுக்குப் போய்ப் பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள். பழைய கெர்னலில் ஓடும் ஒருவருக்கு அது வேண்டும்.

பேட்சில் போட்ட மெயில் முகவரியைக் கைவிடாதீர்கள். கம்பஸ் மெயில் என்றால் படிப்பு முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதனால் முதலிலிருந்தே சொந்த முகவரியைப் பயன்படுத்துங்கள். புரோகிராம் உடைந்தது என்று யாராவது எழுதினால் அன்றைக்கே பதில் போடுங்கள்: எந்தப் புரோகிராம், எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்று கேளுங்கள். உண்மைதான் என்று தெரிந்தால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரிவேர்ட் பேட்சை நீங்களே எழுதி, முறையிட்டவரின் பெயரை ‘ரிப்போர்ட்டட் பை’ வரியில் போட்டு அனுப்புங்கள். பிறகு 4ஆம் படிக்குத் திரும்பிப் போய், உங்கள் தேடலில் அந்தப் புரோகிராம் ஏன் அகப்படவில்லை என்று பார்த்து, அதன் ஆட்களுக்கு மாற்று வழியைப் பேட்சாக எழுதிக் கொடுங்கள்.